பஃபர் நகலெடுப்பில் ஜிபியு மெமரி கசிகிறதா: சோதித்துக் கண்டுபிடிக்கும் முறை

என்விடியாவின் ஜிபியு நிரலாக்க அமைப்பான குடாவில் தரவை நகலெடுக்கும் குடாமெம்காப்பி அழைப்பு உங்களுக்காக ஜிபியு மெமரி எதையும் ஒதுக்கிக் கொடுப்பதில்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு பைட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். அதனால் "காப்பி பண்ணும்போது லீக் ஆகிறது" என்று புகார் வந்தால் அந்த ஒரு வரியையே வெறித்துப் பார்த்துப் பயனில்லை. நகலுக்கான இடத்தை ஒதுக்கியது யார், அந்தப் பெயரில் முன்பு இருந்த பழைய இடம் என்ன ஆயிற்று, நடுவில் பிழை வந்தால் விடுவிக்கும் பொறுப்பு யாருடையது? இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லாத இடத்தில்தான் கசிவு, அதாவது ஒதுக்கிவிட்டு விடுவிக்கப்படாமலே போகும் மெமரி, ஒளிந்திருக்கும்.

கீழே உள்ள முறை லினக்ஸில், என்விடியா அட்டையில், சி++ மொழியில் எழுதிய குடா நிரலுக்கானது. பைடார்ச் (பைத்தானின் இயந்திரக் கற்றல் நூலகம்), ஓப்பன்சிஎல், வல்கன் (குடாவைப் போன்ற வேறு ஜிபியு இடைமுகங்கள்) பற்றிக் கடைசியில் கொஞ்சம். எம்பி என்று எழுதியிருக்கும் இடமெல்லாம் 1,048,576 பைட் என்று கொள்க.

கசிவு எங்கே உட்காரும்

ஜிபியுவில் தரவுக்கான ஓர் இடத்தைப் பிடித்து வைக்கும் வழக்கமான பஃபர் கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு பாயின்டர், ஓர் அளவு. கன்ஸ்ட்ரக்டர் குடாமாலாக் செய்கிறது (இடத்தை ஒதுக்குகிறது), டிஸ்ட்ரக்டர் குடாஃப்ரீ செய்கிறது (விடுவிக்கிறது). காப்பி கன்ஸ்ட்ரக்டரையும் அசைன்மென்ட் ஆபரேட்டரையும் எழுதாமல் விட்டால் கம்பைலர் தானாக ஒன்றை உருவாக்கிக் கொடுக்கும். அது பாயின்டரை மட்டும் நகலெடுக்கும், ஜிபியுவில் உள்ள தரவைத் தொடாது.

இப்போது "அ = ஆ" என்று எழுதினால் இரண்டு விபரீதங்கள் ஒரே வரியில் நடக்கின்றன. அ வைத்திருந்த பழைய முகவரி யாருக்கும் தெரியாமல் தொலைந்துபோகிறது, இது கசிவு. ஆ-வின் முகவரி இரண்டு பேரிடம் இருக்கிறது. இது பின்னால் வரப்போகும் இரட்டை விடுவிப்பு. இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். குடாமாலாக் இரண்டு முறை அழைக்கப்பட்டது, குடாஃப்ரீயும் இரண்டு முறை அழைக்கப்பட்டது. அழைப்புகளை மட்டும் எண்ணினால் கணக்கு சரியாக இருக்கும், மெமரி மட்டும் போயிருக்கும். ஆகவே எண்ண வேண்டியது வெற்றி பெற்ற குடாஃப்ரீக்களை மட்டுமே. தோற்ற ஒவ்வொரு குடாஃப்ரீயையும் சோதனையின் தோல்வியாகவே கொள்ள வேண்டும். டிஸ்ட்ரக்டருக்குள் குடாஃப்ரீயின் ரிட்டர்ன் மதிப்பை யாரும் பார்ப்பதில்லை என்பது இந்தத் துறையின் பழைய கெட்ட பழக்கம்.

வெற்றி பெற்றவற்றை மட்டும் எண்ணினாலும் ஏமாறலாம். அ-வும் அதன் ஆழமற்ற நகலும் ஒரே முகவரியைப் பிடித்திருக்கின்றன. அ விடுவிக்கிறது. உடனே இ என்ற புதிய பஃபர் அதே முகவரியைப் பெறுகிறது. டிரைவர் முகவரிகளை மறுபடி பயன்படுத்துவது சர்வசாதாரணம். பிறகு நகலின் டிஸ்ட்ரக்டர் ஓடி, இ-யின் மெமரியை விடுவித்துவிடுகிறது. அந்த அழைப்பு வெற்றி. கடைசியில் இ தன் முறைக்கு விடுவிக்கும்போதுதான் பிழை வருகிறது, அதுவும் குற்றமற்ற இடத்தில். இதனால்தான் வெறும் எண்ணி போதாது. முகவரிவாரியாக, ஒதுக்கிய ஃபைல் பெயர், வரி எண்ணோடு பதிவேடு வேண்டும்.

காப்பி கன்ஸ்ட்ரக்டரைச் சரியாக எழுதினாலும் மிஞ்சும் பொறி ஒன்று உண்டு. குடாமாலாக் முடிந்தது, அடுத்த வரியில் குடாமெம்காப்பி தோற்றது, எக்ஸெப்ஷன் வீசினீர்கள். சி++ விதிப்படி, கன்ஸ்ட்ரக்டர் முடியாத ஆப்ஜெக்டுக்கு டிஸ்ட்ரக்டர் ஓடாது. ஒதுக்கிய இடம் அநாதை. இதற்கு மருந்து, வெறும் பாயின்டரை உறுப்பாக வைக்காமல், குடாஃப்ரீயை டெலீட்டராகக் கொண்ட யுனிக் பாயின்டரை வைப்பது. முழுமையாகக் கட்டப்பட்ட உறுப்புகளின் டிஸ்ட்ரக்டர் மட்டும் அப்போதும் ஓடும். எக்ஸெப்ஷன் பயன்படுத்தாமல், பிழை வந்தால் உடனே ரிட்டர்ன் செய்யும் மேக்ரோ வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து. அந்த மேக்ரோ ஒவ்வொரு வரியிலும் ஒரு மறைமுக வெளியேறும் வழியைத் திறந்து வைக்கிறது.

எதை அளப்பது

மூன்று அளவுகோல்கள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு விதமாகப் பொய் சொல்லும்.

என்விடியா-எஸ்எம்ஐ (அட்டையின் நிலையைக் காட்டும் கட்டளை) காட்டும் எண் கான்டெக்ஸ்டையும், அதாவது உங்கள் நிரலுக்காக டிரைவர் அட்டையில் அமைக்கும் சூழலையும், சேர்த்தது. குடா கான்டெக்ஸ்ட் உருவானாலே, நீங்கள் ஒரு பைட்கூட ஒதுக்காத நிலையில், நூற்றுக்கணக்கான எம்பி போகலாம். பல மணிநேரம் ஓடும் சோதனையில் சரிவு தெரிகிறதா என்று பார்க்க மட்டும் இது உதவும்.

குடாமெம்கெட்இன்ஃபோ காலி மெமரியையும் மொத்த மெமரியையும் பைட்டில் தரும். ஆனால் அது அட்டை முழுவதற்குமான எண். டெஸ்க்டாப், பிரவுசர், பக்கத்தில் ஓடும் இன்னொரு பிராசஸ் எல்லாம் அதில் சேரும். அதைவிட முக்கியமானது, டிரைவர் பெரும்பாலான அட்டைகளில் மெமரியை 2 எம்பி தொகுதிகளாக எடுத்து, சிறிய ஒதுக்கீடுகளை அதற்குள் பங்கிட்டுத் தருகிறது. குடாமாலாக் தரும் முகவரி குறைந்தது 256 பைட் எல்லையில் இருக்கும் என்பதால், ஒரே தொகுதிக்குள் ஆயிரக்கணக்கான சின்ன பஃபர்கள் அடங்கிவிடும். 1 கேபி பஃபரை வைத்து 100 முறை நகலெடுத்து, "காலி மெமரி மாறவில்லை, கசிவு இல்லை" என்று முடிவுகட்டிய சோதனை எதையும் சோதிக்கவில்லை.

மூன்றாவது, நீங்களே வைத்திருக்கும் பதிவேடு. இதுதான் முதன்மைச் சாட்சி. காலி மெமரி இரண்டாவது சாட்சி. நூலகங்கள் உங்கள் பதிவேட்டைத் தாண்டி டிரைவரை நேரே அழைக்கலாம் என்பதால் அந்த இரண்டாவதையும் விட்டுவிடக் கூடாது.

பதிவேட்டை அமைத்தல்

எல்லா ஒதுக்கீடுகளும் உங்கள் சொந்த நிரலில் என்றால், குடாமாலாக், குடாஃப்ரீ, குடாமெம்காப்பி மூன்றையும் உங்கள் மெல்லிய ஃபங்ஷன்களால் போர்த்துங்கள். உள்ளே ஒரு ம்யூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு), முகவரியைச் சாவியாகக் கொண்ட ஒரு ஹாஷ் மேப். ஒதுக்கும்போது முகவரி, அளவு, ஃபைல், வரி எண் ஆகியவற்றைச் சேர்க்கவும். விடுவிக்கும்போது முதலில் மேப்பில் பார்க்கவும். முகவரி இல்லையென்றால் அங்கேயே நிறுத்தவும். இருந்தால் மேப்பிலிருந்து நீக்கிவிட்டு, அதே ம்யூடெக்ஸைப் பிடித்தபடியே குடாஃப்ரீயை அழைக்கவும். ம்யூடெக்ஸைப் பிடிக்காமல் குடாஃப்ரீயை முதலில் அழைத்து, பிறகு மேப்பிலிருந்து நீக்கினால், இடையில் வேறொரு த்ரெட் அதே முகவரியைப் பெற்றுப் பதிய வரும்போது பதிவேடு குழம்பும். நல் பாயின்டரை விடுவிப்பது பிழையல்ல, அதை எண்ணாமல் கடந்து போங்கள்.

ஸ்ட்ரீம் (ஜிபியு வேலைகளின் வரிசை), ஈவென்ட் (அந்த வரிசையில் வைக்கும் குறி) உருவாக்குவதையும் அழிப்பதையும் இதே பதிவேட்டில் சேர்ப்பது நல்லது. ஒவ்வொரு நகலுக்கும் நேரம் அளக்க ஈவென்ட் உருவாக்கி, அழிக்க மறப்பது பரவலான வழக்கம். அது சின்ன அளவு என்பதால் காலி மெமரி எண்ணில் பல ஆயிரம் சுற்றுகளுக்குத் தெரியாது.

மூல நிரலைத் தொட முடியாத நிலையில் எல்டி-ப்ரீலோட் (நூலக ஃபங்ஷனுக்குப் பதில் நம்முடையதைப் புகுத்தும் லினக்ஸ் வசதி) வழியாக இடைமறிக்கலாம். ஆனால் என்விசிசி கம்பைலர் இயல்பாக குடா ரன்டைமை ஸ்டாடிக்காக இணைக்கிறது. அப்படி இணைத்த பைனரியில் ப்ரீலோட் ஒன்றையும் பிடிக்காது, பிடிக்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. குடார்ட் ஷேர்டு என்ற தேர்வோடு மறுபடி பில்ட் செய்தால்தான் வேலை செய்யும்.

சோதனை ஓட்டம்

பஃபர் அளவு 4 எம்பி. 2 எம்பியின் மடங்கு என்பதால் தொகுதிக் கணக்கால் எண் குழம்பாது. ஒரு சுற்று என்பது இத்தனையும் சேர்ந்தது: ஒரு காப்பி கன்ஸ்ட்ரக்ஷன், சம அளவு பஃபருக்கு அசைன்மென்ட், பெரியதிலிருந்து சிறியதற்கு அசைன்மென்ட், சிறியதிலிருந்து பெரியதற்கு, காலி பஃபரிலிருந்து, தனக்குத்தானே அசைன்மென்ட், மூவ் அசைன்மென்ட். அளவு சமமாக இருந்தால் பழைய இடத்தையே பயன்படுத்துவதும், மாறினால் புதிதாக ஒதுக்குவதும் பல கிளாஸ்களில் தனித்தனிக் கிளைகள். ஒன்றை மட்டும் சோதித்தால் மற்றது தப்பித்துவிடும். மூவ் அசைன்மென்டில் இடப்பக்கம் வைத்திருந்த பழைய பஃபரை விடுவிக்க மறப்பதும் நடக்கும். "மூவ்தானே, ஒன்றும் ஒதுக்கவில்லையே" என்ற எண்ணம் காரணமாக இருக்கலாம்.

1. முதலில் 10 சுற்று வார்ம்-அப். அதில் உங்கள் நிரலின் எல்லா கெர்னல்களையும் (ஜிபியுவில் ஓடும் ஃபங்ஷன்கள்) ஒருமுறையாவது ஓட்டிவிடுங்கள்.
2. ஜிபியு வேலைகள் முடியும் வரை காத்திருக்கும் குடாடிவைஸ்சிங்க்ரனைஸை அழைத்து, காலி மெமரியையும் பதிவேட்டில் திறந்திருக்கும் ஒதுக்கீடுகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. 100 சுற்று ஓட்டி, சிங்க்ரனைஸ் செய்து, மறுபடி குறியுங்கள்.
4. இன்னும் 100 சுற்று, பிறகு இன்னும் 200. மொத்தம் 100, 200, 400 என்ற மூன்று புள்ளிகள் கிடைக்கும்.

வார்ம்-அப் இல்லாமல் அளப்பதுதான் பொய் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். குடா 11.7 முதல் கெர்னல் நிரல்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் லேசி லோடிங் வசதி உள்ளது. புதிய பதிப்புகளில் அதுவே இயல்பு நிலை. ஆகவே ஒரு கெர்னலை முதன்முதலாக அழைக்கும்போது காலி மெமரி குறையும். கெர்னலுக்குள்ளேயே மாலாக் செய்தால் அதற்கான ஹீப், இயல்பாக 8 எம்பி, ஒதுக்கப்படும். அதிக லோக்கல் மெமரி கேட்கும் கெர்னல் வந்தால் அதற்கான இடமும் பெரிதாகி அப்படியே இருந்துவிடும். இவை எல்லாம் ஒருமுறை நடப்பவை, படிக்கட்டு போலத் தெரியும். கசிவு சரிவாகத் தெரியும். மூன்று புள்ளிகள் எடுப்பதே இவை இரண்டையும் பிரித்தறியத்தான்.

முடிவை வாசிப்பது இப்படி. சுற்றுக்கு ஒரு 4 எம்பி பஃபர் கசிந்தால் 100 சுற்றில் 400 எம்பி, 200-இல் 800, 400-இல் 1,600 எம்பி குறையும். 4 ஜிபி அட்டையிலும் இது மெமரி தீராமல் ஓடி முடியும், அதற்காகவே இந்த அளவு. சுற்றுக்கு 8 எம்பி போகிறது என்றால் இரண்டு நகல்கள் தொலைகின்றன. ஃபங்ஷனுக்கு பஃபரை ரெஃபரன்ஸாக அனுப்பாமல் மதிப்பாக அனுப்பி, தெரியாமல் ஒரு தற்காலிக நகல் உருவாகிறதா என்று பாருங்கள். 100 சுற்றுக்கு 40 எம்பி மட்டும் என்றால் பத்தில் ஒரு சுற்றில் மட்டும் எட்டும் கிளை ஒன்று இருக்கிறது. பெரிய, சிறிய பஃபர்களுக்கு 4, 12, 20 எம்பி என்று வெவ்வேறு அளவு கொடுத்துவிட்டால், குறையும் அளவைப் பார்த்தே எந்த அசைன்மென்ட் குற்றவாளி என்று ஊகிக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைக்க மறக்க வேண்டாம்.

தேர்ச்சிக்கான நிபந்தனை இரண்டு. திறந்த ஒதுக்கீடுகளின் எண்ணிக்கை நான்கு அளவீடுகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும், இதில் சலுகை கிடையாது. காலி மெமரி 200-க்கும் 400-க்கும் இடையே குறையக் கூடாது. இதில் மட்டும், அட்டையை வேறு யாரும் பகிர்ந்துகொண்டால் ஓரிரு தொகுதி அளவு சலுகை கொடுக்கலாம். 100 எம்பி வரை பரவாயில்லை என்று எழுதி வைக்கும் சோதனைகள் 99 எம்பி கசிவை ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும்.

சோதனையை நம்புவதற்கு முன் ஒரு கசிவை வேண்டுமென்றே வையுங்கள். அசைன்மென்டில் விடுவிக்கும் வரியை கமென்ட் செய்து ஓட்டுங்கள். பதிவேடு கத்த வேண்டும், காலி மெமரி சரிய வேண்டும், பிராசஸ் பூஜ்யம் அல்லாத குறியீட்டோடு வெளியேற வேண்டும். மூன்றும் நடந்த பிறகே அந்த வரியைத் திரும்பப் போடுங்கள்.

பிழைப் பாதையைச் சோதித்தல்

மேலே சொன்னது எல்லாம் சுமுகமாக நடக்கும் பாதை. நிஜக் கசிவுகளில் கணிசமானவை நகல் பாதியில் தோற்கும்போது நடக்கின்றன. அதைத் தற்செயலுக்கு விடாமல் வரிசையாகத் தோற்கடிக்க வேண்டும். போர்வை ஃபங்ஷன்களில் ஓர் இறங்குமுக எண்ணி வைத்து, முதல் ஓட்டத்தில் முதல் அழைப்பு தோற்கட்டும், இரண்டாம் ஓட்டத்தில் இரண்டாவது, இப்படியே எந்த அழைப்பும் தோற்காமல் முடியும் வரை போங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளத் திட்டம் தன் மாலாக் தோல்விச் சோதனைகளில் கையாளும் உத்தி இதுவே. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் பதிவேடு காலியாக இருக்க வேண்டும்.

போலியாகத் திருப்பும் பிழைகளாக ஒதுக்கீட்டுக்கு மெமரி போதாமையையும் (குறியீடு 2), நகலுக்குத் தவறான மதிப்பையும் (குறியீடு 1) வையுங்கள். கெர்னலை வேண்டுமென்றே தவறான முகவரியில் எழுதவைத்துப் பிழை உண்டாக்க வேண்டாம். அப்போது வரும் குறியீடு 700 கான்டெக்ஸ்டையே கெடுத்துவிடும். அதன் பிறகு குடாஃப்ரீ உட்பட எல்லா அழைப்புகளும் அதே பிழையைத் திருப்பும். அந்த நிலையில் வரும் கசிவு அறிக்கைக்குப் பொருளே இல்லை. பிராசஸை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வழியில்லை.

உண்மையான குடா அழைப்பே பிழை தந்த இடங்களில், அடுத்த ஓட்டத்துக்கு முன் குடாகெட்லாஸ்ட்எரர் அழைத்துப் பிழையைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் கெர்னல் சோதனை பழைய பிழையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும்.

கம்ப்யூட் சானிடைசர்

குடாவோடு வரும் கம்ப்யூட் சானிடைசரில் மெம்செக் கருவியை, லீக்-செக் ஃபுல் என்ற தேர்வோடு ஓட்டினால், விடுவிக்கப்படாத ஒதுக்கீடுகளையும் அவை உருவான அழைப்பு அடுக்கையும் பட்டியலிடும். பழைய குடா-மெம்செக் கருவி குடா 12-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் இதையே ஓட்டுங்கள். நிரல் மிகவும் மெதுவாகும், ஆகவே சுற்றுகளை 3 அல்லது 5 ஆகக் குறையுங்கள். இது சரிவைப் பார்ப்பதில்லை, விடுபட்டவற்றை நேரே சொல்கிறது என்பதால் அதுவே போதும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம், கான்டெக்ஸ்ட் அழிக்கப்படும்போதுதான் கருவி கசிவுகளைக் கணக்கிடுகிறது என்பது. மெயின் ஃபங்ஷனின் கடைசியில் குடாடிவைஸ்ரீசெட் அழைக்காவிட்டால் சரியான அறிக்கை வராது. அழைத்தாலோ இன்னொரு வம்பு. குளோபல், ஸ்டாடிக் பஃபர்களின் டிஸ்ட்ரக்டர்கள் மெயின் முடிந்த பிறகே ஓடும். ரீசெட் நேரத்தில் அவை உயிரோடு இருப்பதால் கசிவாகப் பட்டியலில் வரும். பிறகு அவை விடுவிக்க முயலும்போது பிழையும் வரும். தீர்வு, ஜிபியு பஃபரை ஸ்டாடிக்காக வைக்காமல் இருப்பது. வைத்தே ஆக வேண்டும் என்றால் ரீசெட்டுக்கு முன் அதைக் காலிசெய்யும் ஒரு ஃபங்ஷனை நீங்களே அழையுங்கள். மெயினுக்குள் இருக்கும் சாதாரண லோக்கல் பஃபர்களுக்கும் இதே கதிதான், அவற்றைத் தனி அடைப்புக்குள் போட்டு ரீசெட்டுக்கு முன்பே சாகவிடுங்கள்.

எரர்-எக்ஸிட்கோட் தேர்வையும் கொடுத்தால் தானியங்கிச் சோதனையில் பில்ட் சிவப்பாகும். நீங்கள் வைத்திருக்கும் பதிப்பில் கசிவுக்கும் அந்தக் குறியீடு வருகிறதா என்பதை, முன்பு சொன்ன வேண்டுமென்றே வைத்த கசிவால் சரிபாருங்கள்.

அசிங்க் நகல்களும் மெமரி பூலும்

குடாமெம்காப்பிஅசிங்க் பொதுவாக உடனே திரும்பிவிடும், நகல் பின்னால் நடக்கும். நகல் முடியும் வரை பஃபரை உயிரோடு வைக்க ஷேர்டு பாயின்டரை, நகல் முடிந்ததும் ஓடும் கால்பேக்குக்குள் பிடித்து வைப்பது வழக்கம். அந்த கால்பேக், பஃபருக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருந்தால் வட்டம் உருவாகி, எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது. இந்தக் கசிவில் கிளாஸ் நிரலில் குறை எதுவும் தெரியாது, பதிவேட்டில் மட்டும் வரி எண்ணோடு அப்பட்டமாகத் தெரியும். கால்பேக்குக்குள்ளிருந்து குடா அழைப்புகள் கூடாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். கடைசிப் பிடி அங்கே விடுபட்டால் டிஸ்ட்ரக்டர் அங்கேயே குடாஃப்ரீ செய்ய முயலும்.

குடா 11.2-இல் வந்த குடாமாலாக்அசிங்க், குடாஃப்ரீஅசிங்க் இணையைப் பயன்படுத்தினால் காலி மெமரி எண்ணை அப்படியே நம்ப முடியாது. விடுவித்த இடம், மறுபடி கொடுப்பதற்காக டிரைவர் வைத்திருக்கும் பூலுக்குப் போகிறது. பூல் தன்னிடம் எவ்வளவு வரை வைத்துக்கொள்ளலாம் என்ற ரிலீஸ் த்ரெஷோல்டு இயல்பாக 0. அப்படியென்றால் அடுத்த சிங்க்ரனைஸில் பயன்படாத இடம் திரும்பிவிடும். வேகத்துக்காக யாராவது அதை உச்ச மதிப்புக்கு உயர்த்தி வைத்திருந்தால் எதுவும் திரும்பாது, கசிவே இல்லாமல் கசிவு போலத் தெரியும். பூலின் யூஸ்டு-மெம்-கரண்ட் பண்பைக் கேளுங்கள், ரிசர்வ்டு-மெம்-கரண்ட் அல்ல. முன்னது ஏறிக்கொண்டே போனால் மட்டுமே கசிவு.

பின்டு மெமரி

ஹோஸ்டிலிருந்து (கணினியின் பக்கமிருந்து) வேகமாக நகலெடுக்க குடாமாலாக்ஹோஸ்ட் வழியாகப் பின்டு மெமரி, அதாவது ரேமில் பூட்டி வைத்த பக்கங்கள், எடுக்கிறார்கள். இது கசிந்தால் ஜிபியு எண்கள் எல்லாம் பச்சையாகவே இருக்கும், ஆனால் கணினியின் ரேம் தீர்ந்து, பூட்டிய பக்கங்கள் என்பதால் ஸ்வாப்புக்கும் போக முடியாமல் மொத்த இயந்திரமும் திணறும். விடுவிக்க வேண்டியது குடாஃப்ரீஹோஸ்டால். குடாஃப்ரீயைக் கொடுத்தால் பிழை திரும்பும், இடம் அப்படியே இருக்கும். இரண்டு வகைக்கும் ஒரே டெம்ப்ளேட் கிளாஸ் எழுதியவர்கள் டெலீட்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் வகையையும் ஒரு புலமாகச் சேர்த்தால் இந்தக் கலப்பு முதல் ஓட்டத்திலேயே பிடிபடும்.

விண்டோஸில் சோதிப்போருக்கு ஒரு வார்த்தை. ஜிஃபோர்ஸ் அட்டைகளின் புதிய டிரைவர்கள் ஜிபியு மெமரி தீர்ந்ததும் பிழை தராமல் கணினியின் ரேமுக்குச் சரிந்துவிடக்கூடும். கசிவின் அறிகுறி அங்கே விபத்தாக வராது, நிரல் திடீரென்று மந்தமாவதாக வரும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் அந்த வசதியை அணைத்துவிட்டுச் சோதிப்பதே நேர்மையானது.

பைடார்ச்சில்

பைடார்ச் தன் சொந்த கேஷிங் அலொகேட்டரை வைத்திருப்பதால் என்விடியா-எஸ்எம்ஐ, குடாமெம்கெட்இன்ஃபோ இரண்டும் இங்கே உபயோகமில்லை. மெமரி-அலொகேட்டட் என்பது டென்சர்கள் (பைடார்ச்சின் எண் அணிகள்) உண்மையில் பிடித்திருப்பது. மெமரி-ரிசர்வ்டு என்பது அலொகேட்டர் டிரைவரிடமிருந்து வாங்கி வைத்திருப்பது. முன்னது சீராக இருந்து பின்னது மட்டும் ஏறினால் அது துண்டாகிப்போன மெமரி, கசிவல்ல. எம்ப்டி-கேஷ் அழைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அது பயன்படாத கேஷை மட்டுமே திருப்பும், யாரோ பிடித்திருக்கும் டென்சரைத் தொடாது.

சோதனை எளிது: ஜிசி-கலெக்ட் (பைத்தானின் குப்பை அகற்றல்), சிங்க்ரனைஸ், அளவு, 100 சுற்று, மறுபடி அதே மூன்று. அலொகேட்டர் ஒதுக்கீடுகளை 512 பைட் மடங்குக்கு உயர்த்தி எண்ணினாலும், எண்ணிக்கை துல்லியமானது என்பதால் முன்பும் பின்பும் அப்படியே சமமாக இருக்க வேண்டும் என்று அசர்ட் எழுதலாம்.

நகலெடுப்பு சார்ந்த வழக்கமான காரணங்கள் சில. லாஸ் மதிப்பை அப்படியே லிஸ்டில் சேர்ப்பதும், டிட்டாச் செய்யாமல் க்ளோன் மட்டும் செய்வதும் ஆட்டோகிராட் கிராஃப் (கிரேடியன்ட் கணக்கிட வைத்திருக்கும் செயல்களின் வரைபடம்) முழுவதையும் உயிரோடு வைத்திருக்கும். ஸ்லைஸ் நகலல்ல; பெரிய டென்சரின் ஒரே ஒரு வரிசையை எடுத்து வைத்திருந்தால் அதன் மொத்த ஸ்டோரேஜும் தங்கிவிடும். இங்கே நகலெடுப்பதுதான் மருந்து: வரிசையை டிட்டாச் செய்து க்ளோன் எடுத்து, பெரியதை விட்டுவிட வேண்டும். எக்ஸெப்ஷனைப் பிடித்து அதன் ஆப்ஜெக்டைச் சேமித்து வைத்தால், ட்ரேஸ்பேக் வழியாக அந்த ஃபங்ஷனின் லோக்கல் டென்சர்கள் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும். ஜூப்பிட்டர் நோட்புக்கில் கடைசி வரியில் டென்சரை வெறுமனே எழுதிக் காட்டினால் வெளியீட்டு வரலாறு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே கசிவுச் சோதனையை நோட்புக்கில் செய்யவே வேண்டாம்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாதபோது ரெக்கார்டு-மெமரி-ஹிஸ்டரியைத் தொடங்கி, சில சுற்றுக்குப் பிறகு ஸ்னாப்ஷாட்டை ஃபைலில் எழுதி, பைடார்ச் தளத்தின் மெமரி-விஸ் பக்கத்தில் திறந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் அது பிறந்த வரி தெரியும். நீங்களே எழுதிய சி++ நீட்டிப்பில் சந்தேகம் என்றால், பைடார்ச்-நோ-குடா-மெமரி-கேஷிங் என்ற சூழல் மாறியை 1 ஆக வைத்துவிட்டு கம்ப்யூட் சானிடைசரை ஓட்டுங்கள். கேஷ் இருக்கும்வரை சானிடைசருக்கு அலொகேட்டர் வாங்கிய பெரிய தொகுதிகள் மட்டுமே தெரியும், உள்ளே நடப்பது தெரியாது.

ஓப்பன்சிஎல், வல்கன்

ஓப்பன்சிஎல்லில் சி++ போர்வையின் பஃபர் ஆப்ஜெக்டை நகலெடுத்தால் தரவு நகலாவதில்லை, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடும். அந்த எண்ணிக்கையை மெம்-ரெஃபரன்ஸ்-கவுண்ட் வழியாகக் கேட்கலாம்; கசிவைக் கண்டுபிடிக்க மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது விவரக்குறிப்பு, நிரலின் முடிவுகளுக்கு அல்ல. சி மொழியில் நேரடியாக எழுதுவோர் என்க்யூ-காப்பி-பஃபர் அழைப்பின் கடைசி ஆர்க்யுமென்டில் ஈவென்ட் வாங்கியிருந்தால் அதை ரிலீஸ் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள். தேவையில்லை என்றால் அங்கே நல் கொடுத்துவிடலாம். பல டிரைவர்கள் பஃபரை முதலில் பயன்படுத்தும்வரை உண்மையில் ஒதுக்குவதே இல்லை என்பதால், சோதனையில் ஒவ்வொரு பஃபரிலும் ஏதாவது எழுதியே ஆக வேண்டும்.

வல்கனில் நகலுக்கான ஸ்டேஜிங் பஃபர்தான் (தரவை ஜிபியுவுக்குக் கொண்டுபோகும் தற்காலிக இடம்) வழக்கமான குற்றவாளி. பஃபரும் அதன் மெமரியும் இரண்டு தனி ஆப்ஜெக்டுகள். டெஸ்ட்ராய்-பஃபர் மெமரியை விடுவிக்காது, ஃப்ரீ-மெமரியைத் தனியாக அழைக்க வேண்டும், அதுவும் நகல் முடிந்ததைச் சொல்லும் ஃபென்ஸ் வந்த பிறகு. ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய ஒதுக்கீடுகளின் எண்ணிக்கைக்கு விவரக்குறிப்பு உறுதியளிக்கும் குறைந்தபட்ச வரம்பு 4,096. சின்ன ஸ்டேஜிங் பஃபர் கசிந்தால், மெமரி நிறைய காலியாக இருக்கும்போதே அந்த வரம்பில் முட்டி ஒதுக்கீடு தோற்கலாம். காலி மெமரியை அளந்தால் இது தெரியாது. வேலிடேஷன் லேயரை இயக்கி, டிவைஸை அழிக்கும்போது இன்னும் அழிக்கப்படாத ஆப்ஜெக்டுகள் என்று அது எழுதும் வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு பஃபருக்கும் டீபக் பெயர் வைத்திருந்தால், அந்த வரியில் வெறும் ஹேண்டில் எண்ணோடு அந்தப் பெயரும் வரும்.